டேப்பால் அளந்து கால்நடை எடை கணிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தராசு இல்லாத இடத்தில் மாட்டின் எடையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரே சந்தேகங்களோடுதான் வருகிறார்கள். அவற்றை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலோடு சேர்த்து வைத்திருக்கிறேன். அடிப்படைக் கேள்விகள் முதலில் வருகின்றன, சிக்கலானவை பின்னால். ஒரு பதிலில் சொன்னதை இன்னொன்றில் திரும்பச் சொல்லவில்லை, அந்தக் கேள்வியின் எண்ணை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

1. டேப்பை வச்சு அளந்தா நிஜமாவே எடை தெரியுமா, இல்ல சும்மா குத்துமதிப்பா?

குத்துமதிப்புதான். ஆனால் எவ்வளவு தவறும் என்று முன்கூட்டியே தெரிந்த குத்துமதிப்பு. ஒழுங்காக அளந்தால், வளர்ந்த மாட்டுக்குப் பெரும்பாலும் 5 முதல் 10 சதவீதம் முன்பின்னாக வரும். 300 கிலோ மாடு என்றால் 15 முதல் 30 கிலோ வரை தவறலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணால் பார்த்துச் சொல்வதில் இந்த எல்லையே கிடையாது. கண் உயரத்தையும் வயிற்றையும் பார்த்து ஏமாறும். நெட்டையாக, வயிறு தொங்கி, நெஞ்சு ஒடுங்கி நிற்கும் மாட்டைப் பத்துப் பேர் பார்த்தால் பெரும்பாலானோர் கூட்டித்தான் சொல்வார்கள்.

இந்தத் துல்லியம் எதற்குப் போதும் என்பதுதான் முக்கியம். மாடு ஒரு நாளைக்குத் தன் எடையில் சுமார் 2.5 முதல் 3 சதவீதம் தீவனம் (ஈரம் நீக்கிய எடையில்) தின்னும். எடையில் 10 சதவீதம் தவறினாலும் 300 கிலோ மாட்டுக்குத் தீவனத்தில் ஒரு கிலோவுக்குள்தான் வித்தியாசம் வரும். தொட்டியில் மிஞ்சுவதைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம். மருந்து விஷயம் வேறு. அதை 14-ஆம் கேள்வியில் பாருங்கள்.

2. சூத்திரம் என்ன? மனசுல நிக்கிற மாதிரி சொல்லுங்க.

நெஞ்சுச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்குங்கள். வருவதை உடல் நீளத்தால் பெருக்கி, 10,840 ஆல் வகுங்கள். அளவுகள் சென்டிமீட்டரில் இருந்தால் விடை கிலோவில் வரும். ஷேஃபர் சூத்திரம் என்று கால்நடை மருத்துவத்தில் சொல்வது இதைத்தான்.

எடுத்துக்காட்டாக, நெஞ்சுச் சுற்றளவு 160 செ.மீ., நீளம் 135 செ.மீ. என்றால், 160 × 160 = 25,600. அதை 135 ஆல் பெருக்கினால் 34,56,000. 10,840 ஆல் வகுத்தால் 319 கிலோ.

அங்குலத்தில் அளப்பவர்கள் 300 ஆல் வகுத்தால் பவுண்டில் வரும், 660 ஆல் வகுத்தால் நேராகக் கிலோவில் வரும். மேலே சொன்ன அதே மாடு அங்குலத்தில் 63, 53. கணக்குப் போட்டுப் பாருங்கள், 319 கிலோதான் வரும். அங்குலத்தையும் சென்டிமீட்டரையும் கலந்துவிட மட்டும் கூடாது. ஒரு அளவை டேப்பின் ஒரு பக்கத்திலும் மற்றதை மறுபக்கத்திலும் படித்துவிடுவது சர்வ சாதாரணமாக நடக்கிறது.

3. அந்த 10,840 எங்கிருந்து வந்துச்சு? ஏன் 10,000 இல்ல?

மாட்டின் உடலை ஒரு பீப்பாயாக நினைத்துக்கொள்ளுங்கள். உருளை வடிவத்தின் சுற்றளவும் நீளமும் தெரிந்தால் கன அளவு தெரியும்: சுற்றளவு × சுற்றளவு × நீளம் ÷ 12.57. உடலின் அடர்த்தி ஏறக்குறைய தண்ணீரின் அடர்த்தி. ஆயிரம் கன சென்டிமீட்டர் ஒரு கிலோ. ஆக, மாடு வெறும் உருளையாக இருந்தால் 12,570 ஆல் வகுத்தால் போதும். நம் எடுத்துக்காட்டு மாட்டுக்கு 275 கிலோ வரும்.

ஆனால் தலை, கழுத்து, கால்கள், வால் எல்லாம் அந்த உருளைக்கு வெளியே இருக்கின்றன. அவற்றையும் சேர்க்கத்தான் வகுக்கும் எண் 10,840 ஆகக் குறைகிறது, விடை 319 ஆகக் கூடுகிறது. எனவே இந்த எண் எல்லா உயிருக்கும் பொதுவாக எழுதிவைத்த ஒன்றல்ல. தலையும் கழுத்தும் காலும் உடலுக்கு எந்த விகிதத்தில் இருக்கின்றன என்பதைப் பொறுத்து இனத்துக்கு இனம் மாறும். இது பிடிபட்டுவிட்டால் கீழே வரும் பாதிச் சந்தேகங்கள் தானாகத் தீரும்.

4. நெஞ்சுச் சுற்றளவுன்னா சரியா எந்த இடம்? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

முன்னங்காலுக்கு ஒட்டிப் பின்னால். டேப்பை முதுகின் மேல் போட்டு, மறுபக்கம் தொங்கும் நுனியை வயிற்றுக்கு அடியில் கைவிட்டு எடுத்து, முழங்கைக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் பொருத்துங்கள். மேலே அது தோள்பட்டைக்குச் சற்றுப் பின்னால் அமரவேண்டும். திமில் உள்ள மாடானால் திமிலுக்குப் பின்னால். திமிலின் மேல் ஏறிவிட்டால் பல சென்டிமீட்டர் கூடிவிடும். மேலிருந்து கீழ்வரை டேப் நேர்க்கோட்டில் நிற்கவேண்டும். ஒருவர் இந்தப் பக்கம் டேப்பைப் பிடிக்க, இன்னொருவர் மறுபக்கம் போய்ப் பார்ப்பது நல்லது. டேப் சாய்ந்தோ முறுக்கிக்கொண்டோ கிடப்பது பெரும்பாலும் பார்க்காத பக்கத்தில்தான்.

மாடு சமதரையில் நான்கு கால்களையும் சமமாக ஊன்றி, தலையை இயல்பான உயரத்தில் வைத்து நிற்கவேண்டும். முன்கால் ஒன்று முன்னே போயிருந்தாலோ, தலை தீவனத்தொட்டிக்குள் இருந்தாலோ அளவு மாறும். டேப் தோலோடு ஒட்டியிருக்கவேண்டும், தோலை அழுத்தக்கூடாது. மாடு மூச்சை விட்ட கணத்தில் படியுங்கள்.

5. நீளம் கொம்புல இருந்தா, கழுத்துல இருந்தா?

இரண்டும் இல்லை. நெஞ்சின் முன்பக்கத்தில், தோள் முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும் எலும்பு முனையிலிருந்து, வாலின் அடியில் பக்கவாட்டில் புடைத்துத் தெரியும் எலும்பு முனை வரை. இரண்டையும் விரலால் அழுத்தித் தேடினால் கெட்டியாகத் தட்டுப்படும். கொழுத்த மாட்டில் பின் முனை சதைக்குள் மறைந்திருக்கும்; வாலைச் சற்றுத் தூக்கிப் பிடித்துத் தடவிப் பாருங்கள்.

டேப்பை வயிற்றின் வளைவில் படியவிடாமல், இரு முனைக்கும் நடுவே இறுக்கமாகப் பிடித்து அளக்கவேண்டும். வயிற்றின் மேல் படிந்தால் நீளம் கூடும்.

6. தையல்காரர் டேப் போதுமா?

ஆட்டுக்குப் போதும். மாட்டுக்கு 150 செ.மீ. டேப் எட்டாது. துணி டேப் நாளாக நாளாக இழுபட்டு நீளும், அப்போது எடை குறைத்துக் காட்டும். அவ்வப்போது ஓர் இரும்பு அளவுகோலின் பக்கத்தில் வைத்துச் சரிபாருங்கள். கட்டட வேலைக்கான இரும்பு டேப் உடலில் படியாது, அதன் ஓரம் தோலைக் கிழிக்கவும் கூடும். நார்ப்பின்னலுக்கு மேல் பிளாஸ்டிக் பூசிய டேப்தான் நல்லது.

ஒன்றுமே கையில் இல்லை என்றால், இழுத்தால் நீளாத கயிற்றைச் சுற்றி, சந்திக்கும் இடத்தில் அடையாளம் வைத்து, பிறகு அளவுகோலில் அளக்கலாம். நைலான் கயிறு வேண்டாம், அது நீளும்.

7. மூணு தடவை அளந்தா மூணு எண் வருது. எதை எடுத்துக்கறது?

மூன்றில் நடுவில் உள்ளதை. 158, 160, 166 என்று வந்தால் 160. சராசரி எடுத்தால் அந்த 166 விடையை இழுத்துவிடும். அது மாடு அசைந்தபோது வந்த எண்ணாக இருக்கலாம். ஒவ்வொரு முறையும் டேப்பை முழுதாகக் கழற்றிவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

கவனம் முழுவதும் சுற்றளவில் இருக்கட்டும். சூத்திரத்தில் அது இரண்டு முறை பெருக்கப்படுவதால் அதில் 1 சதவீதம் தவறினால் எடையில் 2 சதவீதம் தவறும். நம் 319 கிலோ மாட்டில் சுற்றளவு 4 செ.மீ. கூடிவிட்டால் விடை 335 ஆகும், 16 கிலோ தப்பு. நீளத்தில் அதே 4 செ.மீ. கூடினால் 328, ஒன்பது கிலோதான்.

8. எடையே அச்சடிச்ச டேப் விக்கிறாங்களே, அதுல நீளமே வேண்டாமாம். நம்பலாமா?

யாருக்காக அச்சடித்தது என்று பாருங்கள். அந்த டேப்பில் சுற்றளவுக்கு நேராக எடை எழுதியிருக்கும். நீளத்தை அவர்கள் முன்பே ஊகித்துவிட்டார்கள் என்று பொருள். எந்த இன மாடுகளை எடைபோட்டு அதைத் தயாரித்தார்களோ, அந்த இனத்துக்கு நன்றாகவே வேலை செய்யும். ஹோல்ஸ்டீன் கறவை மாட்டுக்கான டேப்பைக் குட்டையான, உடல் கட்டையான இனத்துக்குப் போட்டால் இல்லாத நீளத்துக்கும் சேர்த்து எடை சொல்லும். அவசரத்துக்கு அது வசதிதான். ஆனாலும் நீளத்தையும் அளப்பதையே நான் சொல்வேன். கூடுதலாக ஆவது அரை நிமிடம்.

9. இதே கணக்கு ஆட்டுக்கும் வருமா?

வெள்ளாட்டுக்கு அப்படியே போடலாம், அளக்கும் இடங்களும் அவையே. செம்மறியில் ரோமம் குறுக்கே வரும். ரோமத்தின் தடிமன் ஒரு சென்டிமீட்டர் என்றால் சுற்றளவில் ஒரு சென்டிமீட்டர் கூடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் ஆறு கூடும், ஏனென்றால் அந்தத் தடிமன் சுற்றிலும் இருக்கிறது. 80 செ.மீ. சுற்றளவும் 65 செ.மீ. நீளமும் உள்ள ஆடு 38 கிலோ. ரோமத்தால் 86 என்று படித்தால் 44 கிலோ! ஒரு சென்டிமீட்டர் ரோமம் ஆறு கிலோ எடை இருக்காது.

ரோமம் கத்தரித்த பிறகு அளப்பது சிறந்தது. முடியாவிட்டால் டேப் போகும் தடத்தில் ரோமத்தை விரலால் வகிர்ந்து, டேப்பைத் தோலில் படியவையுங்கள்.

10. பன்றி, குதிரை, ஒட்டகம்?

பன்றிக்கு நீளத்தைக் காதுகளின் அடியிலிருந்து முதுகு வழியாக வாலடி வரை அளக்கவேண்டும். வகுக்கும் எண் 14,450 (அங்குலமும் பவுண்டும் என்றால் 400). 100 செ.மீ. சுற்றளவு, 120 செ.மீ. நீளம் என்றால் 83 கிலோ. கழுத்தும் நீளத்துக்குள்ளேயே வந்துவிடுவதால்தான் வகுக்கும் எண் பெரிதாக இருக்கிறது. 3-ஆம் கேள்வியில் சொன்ன அதே காரணம். பன்றி நிமிர்ந்தால் நீளம் குறையும், குனிந்தால் கூடும். தலை முதுகுக்கு நேராக இருக்கும்போது அளக்கவேண்டும். தீவனம் போட்டு, அது தின்னும் நேரத்தில் சட்டென்று அளப்பதுதான் நடைமுறை.

வளர்ந்த குதிரைக்கு 11,880 (அங்குலமும் பவுண்டும் என்றால் 330). நீளம் தோள் முனையிலிருந்து பின்தொடையின் கடைசி முனை வரை. குதிரைக் குட்டிக்கு இந்த எண் பொருந்தாது, கால் நீண்டு உடல் ஒடுங்கியிருக்கும்.

ஒட்டகத்துக்கு இந்த வடிவமே உதவாது. நெஞ்சுச் சுற்றளவு, திமிலோடு சேர்த்து வயிற்றுச் சுற்றளவு, தோள் உயரம் மூன்றையும் மீட்டரில் அளந்து, மூன்றையும் பெருக்கி, 53 ஆல் பெருக்கினால் கிலோவில் வரும்.

11. பிறந்த கன்னுக்குட்டிக்கு டேப் போட்டா ஏதோ மாதிரி வருதே?

வரத்தான் செய்யும். கன்றுக்குத் தலையும் காலும் உடலை ஒப்பிடப் பெரியவை. கன்றைத் தூக்கிக்கொண்டு, மனிதர் எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறி நில்லுங்கள். பிறகு நீங்கள் மட்டும் நின்று, கழித்துக்கொள்ளுங்கள். ஆட்டுக்குட்டியைத் துணித்தூளியில் போட்டுத் தூக்குத் தராசில் மாட்டலாம்.

இந்த எடையை விட்டுவிடாதீர்கள். சீம்பால் கொடுப்பதற்கு இதுதான் கணக்கு: பிறந்த சில மணி நேரத்துக்குள் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு. 30 கிலோ கன்றுக்கு 3 லிட்டர். கன்றின் குடல் சீம்பாலின் எதிர்ப்புச்சக்தியை உள்ளே விடுவது முதல் ஒரு நாள்தான், அதிலும் முதல் சில மணி நேரத்தில்தான் அதிகம்.

12. சினை மாட்டை அளந்தா வயித்துல இருக்கற கன்னும் சேர்ந்து வருமா?

வராது. டேப் நெஞ்சைச் சுற்றுகிறது, கன்று பின்வயிற்றில் இருக்கிறது. கடைசி மாதத்தில் கன்று, பனிக்குடநீர், நஞ்சுக்கொடி எல்லாம் சேர்ந்து பெரிய இன மாட்டில் 60 கிலோவைத் தாண்டலாம். தராசு அதைக் காட்டும், டேப் காட்டாது. தீவனக் கணக்குக்கு டேப் எடையை எடுத்துக்கொண்டு, சினைக்கான கூடுதல் தீவனத்தைத் தனியாகச் சேர்ப்பதே சரி.

சினை மாட்டுக்கு எந்த மருந்தையும் எடையை மட்டும் பார்த்துக் கொடுக்காதீர்கள். ஆல்பென்டசோல் போன்ற சில குடற்புழு மருந்துகளை இளம் சினையில் கொடுக்கக்கூடாது. எத்தனை மாதச் சினை என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

13. தராசுல காலையில ஒரு எடை, சாயங்காலம் 25 கிலோ கூட. டேப் மட்டும் மாறவே இல்ல. எது பொய்?

இரண்டும் உண்மை. பெரிய மாட்டின் முதல் வயிறு மட்டுமே 100 லிட்டருக்கு மேல் கொள்ளும். தாகத்தோடு வந்த மாடு 25 லிட்டர் தண்ணீர் குடித்தால் அந்த நிமிடமே தராசில் 25 கிலோ கூடும். சாணம் போட்டால், சிறுநீர் கழித்தால், பால் கறந்தால் குறையும். சதையும் எலும்பும் அப்படியேதான் இருக்கின்றன. டேப் அளப்பது பெரும்பாலும் அவற்றைத்தான்.

தராசு வைத்திருப்பவர்களும் இதைக் கவனிக்கவேண்டும். காலையில், தீவனத்துக்கும் தண்ணீருக்கும் முன்பு, எப்போதும் ஒரே நேரத்தில் எடை போட்டால்தான் இந்த மாதத்தையும் போன மாதத்தையும் ஒப்பிட முடியும்.

14. பூச்சி மருந்து கொஞ்சம் கம்மியா போனா ஒண்ணும் ஆகாதே, கூடினாத்தானே ஆபத்து?

இந்த ஒரு கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதலாம். குறைவதும் ஆபத்துதான், அது உடனே கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவே. அளவு குறைந்தால் பலவீனமான புழுக்கள் சாகும், மருந்தைக் கொஞ்சம் தாங்கும் புழுக்கள் பிழைத்து முட்டையிடும். அடுத்த தலைமுறையில் தாங்குபவையே அதிகம் இருக்கும். இப்படியே சில முறை போனால், முழு அளவு கொடுத்தாலும் அந்தப் பட்டியில் மருந்து வேலை செய்யாது. உங்கள் ஆட்டின் எடையை 5 கிலோ குறைத்து மதிப்பிட்டதன் விலை அதுதான்.

மந்தைக்கு ஒரே அளவாகக் கொடுக்கிறீர்கள் என்றால், சராசரி எடைக்கு அளவு வைக்காதீர்கள். பாதி ஆடுகளுக்குக் குறைந்துவிடும். கூட்டத்திலேயே கனமான ஆட்டை அளந்து அதன் எடைக்கு வையுங்கள். பெரியதும் சிறியதும் மிகவும் வேறுபட்டால் இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி அளவு.

கொஞ்சம் கூடினாலே தொல்லை தரும் மருந்துகளும் உண்டு. வெள்ளாட்டுக்கு லெவமிசோல் என்ற புழு மருந்து அப்படி. மயக்கத்துக்கான சைலசின் இன்னொன்று: குதிரைக்குக் கொடுப்பதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே மாட்டுக்குப் போதும். இவற்றை மருத்துவர்தான் முடிவு செய்யவேண்டும். அவரிடம் “டேப்பில் 320 வந்தது” என்று சொல்லுங்கள், “320 கிலோ” என்று சொல்லாதீர்கள். எப்படிக் கிடைத்த எண் என்று தெரிந்தால் எவ்வளவு நம்பலாம் என்று அவர் முடிவுசெய்துகொள்வார்.

15. குட்டி வளருதான்னு வாராவாரம் அளக்கறேன். ஒரு வாரம் ஏறுது, ஒரு வாரம் இறங்குது. பயமா இருக்கு.

குட்டி நன்றாகத்தான் இருக்கும். 60 செ.மீ. சுற்றளவும் 55 செ.மீ. நீளமும் உள்ள குட்டி 18.3 கிலோ. சுற்றளவை 61 என்று படித்தால் 18.9. ஒரே ஒரு சென்டிமீட்டர் பிசகு 600 கிராமை ஏற்றி இறக்கிவிடுகிறது. நாளுக்கு 100 கிராம் ஏறும் குட்டிக்கு ஒரு வார வளர்ச்சியே 700 கிராம்தான். வளர்ச்சியும் அளக்கும் பிழையும் ஒரே அளவு என்றால் எது எது என்று பிரிக்க முடியாது.

மாதம் ஒரு முறை, ஒரே ஆள், ஒரே டேப், ஒரே நேரம். மூன்று கிலோ ஏறினால் அது டேப்பில் தெளிவாகத் தெரியும்.

16. எங்ககிட்ட இருக்கற இனத்துக்கு எப்பவுமே கொஞ்சம் கூடுதலா காட்டுது. எருமைக்கும் அப்படித்தான். என்ன செய்ய?

உங்களுக்கென்று ஒரு வகுக்கும் எண் கண்டுபிடியுங்கள். எடைமேடை கிடைக்கும் ஒரு நாளில், ஒரே இனம், ஏறக்குறைய ஒரே வயதுள்ள மாடுகளை எடைபோட்டு, அன்றைக்கே டேப்பாலும் அளந்துவிடுங்கள். ஒவ்வொரு மாட்டுக்கும் சுற்றளவு × சுற்றளவு × நீளம் போட்டு, தராசு சொன்ன எடையால் வகுத்தால் அந்த மாட்டின் எண் வரும். எல்லா எண்களின் சராசரியே உங்கள் மந்தைக்கானது.

ஒரு மாதிரிக் கணக்கு: சுற்றளவு 150, நீளம் 128, தராசில் 262 கிலோ என்றால் 10,992. 165, 138, 338 கிலோ என்றால் 11,116. 158, 131, 297 கிலோ என்றால் 11,011. சராசரி 11,040. இனி 10,840-க்குப் பதில் இதைப் போட்டால் அந்த எப்போதும் வரும் கூடுதல் நீங்கிவிடும். மூன்று மாடு கணக்கைப் புரிந்துகொள்ளத்தான். உண்மையில் இருபது, முப்பதாவது வேண்டும். கன்று, கிடாரி, காளை, கறவை எல்லாவற்றையும் ஒரே குவியலில் போட்டுச் சராசரி எடுத்தால் யாருக்கும் பொருந்தாத எண்தான் கிடைக்கும். எருமைக்குத் தனியாக எடுங்கள்.

17. டேப் எடையை வச்சு விலை பேசலாமா? கறி எவ்வளவு தேறும்னு சொல்லலாமா?

பேச்சைத் தொடங்கலாம், முடிக்கக்கூடாது. கிலோ கணக்கில் கைமாறுகிறது என்றால் தராசுதான். 10 சதவீதப் பிழை யாரோ ஒருவருக்கு நட்டம்.

தோலும் குடலும் தலையும் போக, மாட்டில் உயிரெடையில் பாதியோ சற்று அதிகமோ, ஆட்டில் 45 முதல் 50 சதவீதம், தோலை உரிக்காத பன்றியில் 70 சதவீதத்துக்கு மேல் நிற்கும். இதில் எலும்பும் அடக்கம். வயிறு நிறைந்த மாட்டைத் தராசில் போட்டுவிட்டு இந்தக் கணக்கைப் போட்டால் ஏமாற்றமாகவே இருக்கும். காரணம் 13-ஆம் பதிலில் இருக்கிறது.

18. மாடு படுத்துருச்சு, எழுந்திருக்க முடியல. டாக்டர் ஃபோன்ல எடை கேக்கறார். இப்ப எப்படி அளக்கறது?

படுத்த மாட்டில் அளக்க முயலாதீர்கள். நெஞ்சு தரையில் அழுந்திப் பக்கவாட்டில் பரந்துவிடும், டேப்பை அடியில் நுழைக்க மாட்டைப் புரட்டவேண்டிவரும், அந்தத் தொந்தரவு நோயாளி மாட்டுக்குத் தேவையில்லை. கடைசியாக அளந்து எழுதி வைத்த எடையைத் தேதியோடு சொல்லுங்கள். அதற்குப் பிறகு மாடு இளைத்திருக்கிறதா, சினையா, எத்தனை நாளாகத் தின்னவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

எழுதி வைத்தது எதுவும் இல்லையென்றால், அதே இனத்தில், அதே வயதில், உடல்வாகும் ஒத்த வேறொரு மாடு பட்டியில் நின்றுகொண்டிருந்தால் அதை அளந்து சொல்லுங்கள். பக்கத்து மாட்டின் அளவு என்பதையும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.